நேராகப் பார்த்தால் மறையும் மான்

உலகத்தில் மானை விட முட்டாளான ஜீவன் ஒன்று உண்டென்றால் அது மானைப் பார்ப்பதற்காக விடியுமுன் எழுந்து வந்து குழிக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதன்தான், அதிலும் டாக்டர் சுகவனம் மாதிரி மனிதன், சேலத்தில் பல் பிடுங்குகிறவர், உடம்பு முழுக்க இலை இலையாக அச்சடித்த சட்டை, இலை போட்ட தொப்பி, கைக்குட்டையில்கூட இலை, நான்கு பக்கமும் சிமெண்ட் சுவர் இருக்கிற அறைக்குள் இவரை எந்த மான் வந்து எட்டிப் பார்க்கப் போகிறது, இந்த இலையெல்லாம் யாருக்கு, கூட வந்திருக்கும் சேலத்துக் கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் அதே துணியில் அதே உடுப்பு, மூன்று பேரும் ஒட்டி உட்கார்ந்தால் வெட்டிப் போட்ட வேலி மாதிரி இருக்கிறது. "ராஜுலு சார்," என்று என் காதருகே வந்து கிசுகிசுக்கிறார், வாயில் கிராம்பு வாசனை, "ஐஎஸ்ஓ எவ்வளவு வெச்சுக்கலாம்?" வெளியே இன்னும் இருட்டே கலையவில்லை, மனுஷனுக்கு அதற்குள் கேமராவின் வெளிச்ச எண் வேண்டும். "பொறுங்க டாக்டர். சூரியன் சொல்லும்," என்கிறேன். அவர் அதை உபதேசம் வாங்குவது போல வாங்கிக்கொண்டு பக்கத்துக் கூட்டாளியிடம் திரும்பி "சூரியன் சொல்லுமாம்" என்கிறார், அவர் அடுத்தவரிடம். இப்படித்தான் போகிறது என் பிழைப்பு. வரதராஜுலு என்றால் காட்டுப் படம் எடுக்கிறவர்கள் மத்தியில் ஒரு பேர், நாற்பது வருஷமாக என் மான்கள் காலண்டரில் தொங்குகின்றன, ஆஸ்பத்திரி வராந்தாக்களில் தொங்குகின்றன, இப்போது என்னோடு உட்கார்ந்து மான் எடுக்க ஊர் ஊராகப் பேர் பதிவு செய்து வருகிறார்கள், மோயாற்றுக்கு மேலே காட்டை ஒட்டி ரிசார்ட்காரர் ஒரு குளம் வெட்டி வைத்திருக்கிறார், குளத்துக்குத் தண்ணீர் போர் மோட்டாரிலிருந்து, கரையில் உப்புக்கட்டி, குளத்தைப் பார்த்தபடி பாதி மண்ணுக்குள் புதைந்த இந்த அறை, இதற்கு ஹைடு என்று பேர், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு நீளமான திறப்பு, அதில் வலைத்துணி. காட்டில் இருக்கிற மான் உப்பு நக்க இங்கே வருகிறது, ஊரில் இருக்கிறவன் மானை நக்க இங்கே வருகிறான். நடுவில் நான்.

எனக்கு நடுவில் ஒன்றும் இல்லை. அதுதான் விஷயம், அதை இந்த அறையில் யாரும் அறியமாட்டார்கள், எந்த அறையிலும் யாரும் அறியமாட்டார்கள், கோயமுத்தூரில் கண் பார்க்கிற அந்த அம்மாளைத் தவிர. கட்டம் போட்ட அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து நடுப்புள்ளியைப் பாருங்க ஐயா என்றாள், பார்த்தேன், புள்ளியைக் காணோம், அதைச் சுற்றியிருந்த கோடுகள் தண்ணீரில் கிடக்கிற கயிறு மாதிரி வளைந்து போயிருந்தன, ஒரு கண்ணில் முதலில், பிறகு அடுத்ததில். ஊசி போட்டுப் பார்த்தார்கள். "ஓரப் பார்வை போகாதுங்க, நடமாட்டத்துக்குக் குறைவிருக்காது," என்றாள். நடமாட்டம்! கறிகாய் வாங்கப் போகிறவனிடம் சொல்ல வேண்டிய வார்த்தை. நேராக எதைப் பார்த்தாலும் அது இருக்கிற இடத்தில் சாம்பல் பூசியது போல ஒரு மழுங்கல், மானைப் பார்த்தால் மான் போய்விடும், பக்கத்து மரத்தைப் பார்த்தால் மரம் போய்விடும், மான் ஓரத்தில் ஒரு பழுப்புக் கறையாக வந்து நிற்கும், கறைக்குக் கால் இருக்கிறதா கொம்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாமென்று திரும்பினால் அதுவும் போச்சு. திருடனைப் பார்க்கிற மாதிரி எல்லாவற்றையும் ஓரக்கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் படம் வருகிறது, அதுதான் வேடிக்கை, போன மழைக்காலத்தில் எடுத்ததற்குக்கூடப் பரிசு கொடுத்தார்கள். இந்தப் புதுக் கேமராக்கள் மிருகத்தின் கண்ணைத் தாமாகவே தேடிப் பிடித்துக்கொள்கின்றன, பிடித்ததும் சின்னதாக ஒரு சத்தம் போடும், சத்தம் கேட்டால் நான் பொத்தானை அழுத்துவேன், அவ்வளவுதான், ஒரு காலத்தில் மேடை போட்டு நான் திட்டிய மிஷின், கூலிக்கு மாரடிக்கிற மிஷின் என்று சொன்னேன், இப்போது அதன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். பார்க்கிறது அது. பரிசு வாங்குகிறது நான்.

என் முகாமுக்கு வருகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு, ஷட்டர் சத்தத்தை யாரும் அணைத்து வைக்கக் கூடாது. இப்போது வருகிற கேமராக்கள் சத்தமே இல்லாமல் எடுக்கும், கும்பலாக உட்கார்ந்து எடுத்தாலும் ஒரு ஈ பறக்கிற சத்தம்கூட வராது, நான் முதல் நாளே சொல்லிவிடுவேன், சத்தம் இல்லாமல் எடுத்தால் எடுக்கிறவனுக்குப் பொறுப்பு வராது, ஒவ்வொரு தடவையும் உங்கள் காதில் விழ வேண்டும், நாம் ஒன்றை எடுக்கிறோம் என்பது. எவ்வளவு ஆழமான வார்த்தை என்று தலையாட்டுவார்கள், ஒருத்தர் அதை எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாராம். எனக்கு அந்தச் சத்தம் வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் முதலில் அழுத்துகிறான், எவன் நிறுத்துகிறான், லென்ஸ் குழாய்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதை வைத்து நான் மானைக் கண்டுபிடிக்கிறேன். டாக்டரின் கேமரா மிஷின் தையல் மாதிரி ஓடும், ஒரு மான் காதை ஆட்டி முடிப்பதற்குள் நூறு படம், ராத்திரி எல்லாம் உட்கார்ந்து அழிப்பார். என் இடது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண் ஃபர்ஹானா, ஆம்பூரிலிருந்து தனியாக வந்திருக்கிறாள், செருப்புக் கம்பெனியில் மாதிரி வரைகிற வேலை, மாமாவிடம் இரவல் வாங்கிய பழைய கேமரா, அது தாழ்ப்பாள் போடுகிற மாதிரி டக்கென்று அடிக்கும், எப்போதாவது ஒரு தடவை. வந்ததிலிருந்து என்னிடம் எந்த எண்ணும் கேட்கவில்லை. அதனாலேயே அவளைக் கண்டால் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயம். எண் கேட்கிறவனைச் சமாளிப்பது சுலபம், அவன் கண் எப்போதும் கேமராவின் முதுகிலேயே இருக்கும். இவள் பார்க்கிறாள். மானைப் பார்க்கிறாள், சில சமயம் என்னையும் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன், அவள் பக்கம் நான் திரும்பினால் அவள் முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல்தான்.

வந்துவிட்டன. தண்ணீரில் குளம்பு படுகிற சப்தம், சளப் சளப் என்று, டாக்டரின் தையல் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது, வலது பக்கம், அப்படியானால் உப்புக்கட்டி ஓரம். "பொட்டை மானுங்க, ரெண்டு குட்டி," என்கிறார் கூட்டாளி ஒருத்தர். "தெரியுது, தெரியுது, பெரிசு ஒண்ணு வரும், அதுவரைக்கும் கையை வீணடிக்காதீங்க," என்கிறேன், பெரிசு எப்போதும் பின்னால்தான் வரும், இதற்குக் கண் எதற்கு. மான்களைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை, கவிதை எழுதுகிறவர்கள் அதன் கண்ணைப் பற்றி உருகுகிறார்கள், அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது, தாலுகா ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்திருக்கிற முகம், மென்றுகொண்டே இருக்கும், ஒன்று ஓடினால் எல்லாம் ஓடும், ஏன் ஓடினோம் என்று தெரியாது, கொஞ்ச தூரம் போய் நின்று மறுபடி மெல்லும். ஆனால் இதைத் தேடிப் போன மனிதர்களைப் பார்க்கும்போது மான் தேவலை. என் அப்பா, நைனா என்றுதான் வீட்டில் கூப்பிடுவோம், கோயமுத்தூரில் மில் வைத்திருந்தவர், வேட்டைக்கு என்றே ஒரு ஜீப், சுவரெல்லாம் கடமான் தலை, கண்ணாடிக் கண் வைத்துத் தைத்தது, விருந்தாளி வந்தால் ஒவ்வொரு தலைக்கும் ஒரு கதை, கதையில் நைனா எப்போதும் தனியாக இருப்பார், தண்ணீர் சுமந்தவன், விளக்கு பிடித்தவன், புதரை அடித்து மானை விரட்டி விட்டவன் எவனும் கதையில் வரமாட்டான். பிறகு சட்டம் வந்தது, இனி சுடக்கூடாது என்றார்கள், துப்பாக்கியைத் துடைத்து உள்ளே வைத்த அதே கையோடு நைனா வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தில் தலைவராகிவிட்டார், அதே கூட்டாளிகள், அதே ஜீப், அதே பிராந்தி, எனக்குத் துப்பாக்கிக்குப் பதிலாக ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள், மான் செத்து விழாது என்பதைத் தவிர வேறு ஒன்றும் மாறவில்லை. இப்போது சுடுகிறவனும் இல்லை, அந்தத் தைரியம்கூட இல்லை, பழைய கிளட்ச் கம்பி ஒரு முழம், மான் போகிற தடத்தில் சுருக்குப் போட்டுக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறான், நினைப்பு வந்தால் போய்ப் பார்ப்பான், மறந்தால் அது அங்கேயே கிடந்து அழுகும். அவன் பார்க்காமல் கொல்கிறான், இவர்கள் கொல்லாமல் பார்க்கிறார்கள், நான் பார்க்காமலே பார்க்கிறேன், மூன்று பேருக்கும் ஒரே மான். நைனாவைப் பற்றி நினைக்க வேண்டாம் என்று பார்க்கிறேன், ஆனால் இந்தச் சளப் சளப் கேட்டால் அந்த அந்திதான் வருகிறது, சட்டம் வருவதற்கு முந்தின வருஷம், நான் காலேஜில் சேர்ந்த புதிது, ஜீப்பில் பின்னால் உட்கார்ந்திருந்தேன், ஓடை ஓரம் ஏதோ அசைந்தது, நைனா சுட்டார், போய்ப் பார்த்தால் கன்றுக்குட்டி, பட்டியிலிருந்து ஓடி வந்த செவலைக் கன்று, கழுத்தில் தும்புக் கயிறு. அந்தி மங்கல், கண் ஏமாற்றிவிட்டது என்று நைனா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கன்றுக்காரனைக் கூப்பிட்டு ஆறுதல் சொல்லியிருக்கலாம். நைனா குனிந்து கத்தியால் தும்பை அறுத்துப் புதருக்குள் வீசிவிட்டு நிமிர்ந்து எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்து "மான்தான்" என்றார். "மான்தானுங்க," என்றார்கள் எல்லோரும். வீட்டில் பெருமாள் படத்துக்கு அடியில் இலை போட்டு மான் கறி என்று பரிமாறினார்கள், அம்மா நல்ல பஞ்சு மாதிரி இருக்கிறது என்றாள், நான் வயிற்றுவலி என்று சொல்லி எழுந்து போனேன், அந்த ஆளை அன்றைக்கு வெறுத்த மாதிரி நான் யாரையும்

"சார்." டாக்டர் என் முழங்கையைப் பிடித்திருக்கிறார். "வந்துட்டான் சார்." இலைச் சட்டைகள் சரசரக்கின்றன, குழாய்கள் எல்லாம் இடது பக்கம் திரும்புகின்றன, அப்படியானால் மூங்கில் புதர் பக்கத்திலிருந்து வருகிறான், எல்லாக் கேமராவும் ஒரே சமயத்தில் பொரிய ஆரம்பிக்கின்றன, தாளிக்கிற மாதிரி, பெரிய ஆண்தான், சந்தேகமில்லை, பொட்டைக்கு இவ்வளவு சத்தம் எழும்பாது. நானும் கேமராவைத் திருப்புகிறேன், அது தேடுகிறது, தேடுகிறது, டிக், கண்ணைப் பிடித்துவிட்டது, அழுத்துகிறேன். சூரியன் மரத்துக்கு மேலே வந்துவிட்டது, முகத்தில் சூடு படுகிறது. நான் பார்வையைக் கொஞ்சம் தள்ளி மூங்கிலின் மேல் வைக்கிறேன், ஓரத்தில் அவன் வந்து நிற்கிறான், பழுப்பாக, உயரமாக, தலைக்கு மேலே ஏதோ கிளை மாதிரி, கொம்பாக இருக்க வேண்டும், தண்ணீருக்குக் கழுத்தை நீட்டியிருக்கிறான், கழுத்தைச் சுற்றி மெல்லிசாக ஒரு மினுக்கம், ஒரு கோடு, வெயில் ஓரம் கட்டியிருக்கிறது, நனைந்த ரோமத்தில் காலை வெயில் படும்போது சில சமயம் அப்படி ஒரு விளிம்பு விழும், எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை அமையும் அது, எனக்குத் தெரிந்துவிட்டது, கடவுளே, எனக்கே தெரிகிறது. அப்போதுதான் சத்தம் நிற்கிறது. முதலில் ஃபர்ஹானாவின் பக்கம், அவள் ஒன்றே ஒன்று எடுத்திருந்தாள், பிறகு கூட்டாளிகள், பிறகு டாக்டரின் தையல் மிஷின்கூட. அசந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள், பல் டாக்டருக்கும் அழகு புரிகிறது போலிருக்கிறது, அழகைக் கண்டால் கை ஓடாமல் நின்றுவிடுவதுதான் கற்றுக்குட்டியின் அடையாளம். "ஏன் நிறுத்திட்டீங்க?" என்கிறேன், தாழ்ந்த குரலில், ஆனால் அதட்டலாக. "எடுங்க. இந்த மாதிரி இனி நிக்காது. கழுத்தைப் பாருங்க." யாரும் அசையவில்லை. "கழுத்தைச் சுத்தி வெள்ளியில கோடு இழுத்த மாதிரி இருக்கு பாருங்க, அதை விட்டுடாதீங்க." "சார்," என்கிறாள் ஃபர்ஹானா, "சார், கழுத்துல..." "அதைத்தாம்மா நானும் சொல்றேன். கழுத்துதான் படம். மத்ததெல்லாம் சும்மா." டாக்டரின் மிஷின் தயங்கித் தயங்கி ஆரம்பிக்கிறது, பிறகு வேகம் எடுக்கிறது, கூட்டாளிகளும் சேர்ந்துகொள்கிறார்கள். அவள் பக்கம் மட்டும் சத்தமே இல்லை. போகட்டும், எல்லோருக்கும் கலை வராது.

எங்கேயோ குரங்கு கத்துகிறது, தண்ணீர் சிதறுகிறது, மான்கள் எல்லாம் போய்விட்டன, வலையின் நிழல் மட்டும் என் கைமேல் ஆடுகிறது. டாக்டர் பெரிதாக மூச்சு விடுகிறார். "சார், நீங்க சொல்லலைன்னா சத்தியமா நான் எடுத்திருக்க மாட்டேன். கம்பி எவ்வளவு உள்ள இறங்கியிருக்கு பாருங்க, ஒரு விரல் ஆழத்துக்குச் சதை திறந்திருக்கு, ஈ மொய்க்குது. அதைப் போய் நீங்க வெள்ளிக் கோடுன்னீங்க பாருங்க, அந்த வார்த்தை! மனசைக் கல்லாக்கிக்கிட்டு எடுக்கணும்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சது. இதுக்கு 'வெள்ளிக் கோடு'ன்னே பேர் வெக்கப் போறேன்." கம்பி. நான் அந்த வார்த்தையை வாயைத் திறக்காமல் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்க்கிறேன். கம்பி. சுருக்கு. கழுத்தில் சுருக்கு இறுகித் தப்பி வந்த மான், தண்ணீருக்கு வந்திருக்கிறது, குனிந்தால் வலிக்கும், குனியாமல் குடிக்க முடியாது, அதனால்தான் கழுத்தை அப்படி நீட்டியிருந்தது, நான் அதை வர்ணித்திருக்கிறேன். "எப்படி சார் அப்படிச் சொன்னீங்க?" இது அவள். சத்தம் போடவில்லை, கெஞ்சுகிற மாதிரி கேட்கிறாள், வேறு ஏதாவது அர்த்தம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறாள், "உங்க படத்தையெல்லாம் பார்த்துத்தான் நான் இங்க வந்தேன். உயிரோட ஒண்ணு அப்படி நிக்கறப்ப எப்படி சார் உங்களால முடிஞ்சது?" நல்ல கேள்வி. பதில் ரெண்டே ரெண்டு. கல்நெஞ்சுக்காரன் என்று சொல்லிவிட்டால் பேர் நிற்கும், இன்னும் வளரக்கூடச் செய்யும், பெரிய கலைஞன் அப்படித்தான் இருப்பான் என்று இந்த டாக்டர் ஊரெல்லாம் சொல்வார், நாளைக்கு இவரே அறுந்த காலும் கிழிந்த வயிறுமாகக் கிடக்கிற மானைத் தேடிக்கொண்டு அலைவார், என் சீடர். இன்னொரு பதிலைச் சொன்னால் ஒன்றும் நிற்காது. ஐயோ பாவம் என்பார்கள். அந்த ஐயோ பாவத்தை நினைத்தாலே எனக்குப் பல் கூசுகிறது, கொடுமைக்காரன் என்று காறித் துப்பினால் துடைத்துக்கொண்டு போய்விடலாம், பரிதாபப்படுகிறவன் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான். "முதல்ல பதிவு, அப்புறம்தாம்மா மத்ததெல்லாம்," என்கிறேன். என் வாய்தான் சொல்கிறது. எவ்வளவு லகுவாக வருகிறது.

"சரி சார். இப்ப அப்புறம்தானே? ஃபாரஸ்ட்ல சொல்லலாம்," என்கிறாள் அவள், என்னை விடுவதாக இல்லை. டாக்டர் குறுக்கே விழுகிறார், "சொல்லலாம்மா, யார் வேண்டாங்கறா, ஆனா நல்ல வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரந்தான், அவங்க வந்தா எல்லாரையும் வெளிய போகச் சொல்லிடுவாங்க. அது திரும்பத் தண்ணிக்கு வரும் பாரு. இந்தத் தடவை கொம்பும் கழுத்தும் சேர்ந்து வர்ற மாதிரி..." இந்தக் குரலை எனக்குத் தெரியும், இது என் குரல், கொஞ்சம் கிராம்பு சேர்த்தது. நான் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து இடது பக்கம் நீட்டுகிறேன். "சென்னியப்பன்னு இருக்கும், வனவர். நீயே போடும்மா." மணி அடிக்கிறது, அவள் நான்கு வார்த்தை சொல்கிறாள், யார் பேசறது என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும், ராஜுலு சாரோட கேம்ப்லேருந்து என்கிறாள், உடனே போன் என் கைக்குத் திரும்பி வருகிறது. "ஐயாகிட்டக் குடுங்கன்னு சொல்றாருங்க சார்." சென்னியப்பன் நல்ல பையன், என் காலண்டரைத் தன் மேஜைக்கு மேலே மாட்டி வைத்திருப்பவன். "ஐயா, நீங்களே பாத்தீங்களா? அப்பச் சரிங்க. வேற யாராச்சும் சொன்னா நேர்ல போய்ப் பாத்துட்டுத்தான் கால்நடை டாக்டரைக் கூப்பிடுவேன், நீங்க சொன்னா இப்பவே மருந்தோட கிளம்பச் சொல்லிர்றேன். எந்தப் பக்கம் போச்சுங்கய்யா? கம்பி முனை தொங்குதுங்களா? நடை எப்படி இருக்கு, தள்ளாடுதுங்களா?" எல்லாம் சரியான கேள்விகள். என் வாயில் பதிலும் தயாராக இருக்கிறது, மேற்கே போச்சு, முனை தொங்குது, நடை பரவாயில்லை, இப்படிச் சொல்லிச் சொல்லித்தானே ரெண்டு வருஷம் ஓட்டினேன், நான் சொன்னால் மேற்கேதான் தேடுவார்கள், மத்தியானம் வரைக்கும் தேடுவார்கள், கிடைக்கவில்லை என்றால் காட்டைக் குறை சொல்வார்களே தவிர என்னைச் சொல்லமாட்டார்கள். "மே..." என்று ஆரம்பித்துவிட்டேன். குளம்புச் சத்தம் எந்தப் பக்கம் போயிற்று? கிழக்கா? குரங்கு கத்தியது எந்தப் பக்கம்? "எனக்குத் தெரியல சென்னியப்பா," என்கிறேன். "பரவால்லீங்கய்யா, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க." எனக்குக் கோபம் தலைக்கு ஏறுகிறது, வாழ்க்கையில் ஒரு தடவை வாய் திறந்து உண்மை சொன்னால் அதையும் மரியாதையாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுக்கிறான். "யோசிக்க என்னடா இருக்கு? கண்ணு தெரியல எனக்கு. மானும் தெரியல, கம்பியும் தெரியல, ரெண்டு வருஷமா ஒரு மயிரும் தெரியல. இங்க ஒரு பொண்ணு இருக்கு, அது பாத்துருக்கு, அதுகிட்டக் கேளு." போனை நீட்டிக்கொண்டே இருக்கிறேன். பிறகு அவள் விரல் என் விரலில் படுகிறது. "கிழக்கால போச்சு சார்," என்கிறாள் போனில், "மூங்கிலுக்குப் பின்னாடி உண்ணிச்செடிப் புதர் இருக்கு பாருங்க, அதுக்குள்ள. முன்னங்கால் ரெண்டும் ஊன்றப்ப நடுங்குது."

மூன்று இலைச் சட்டைகளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், பார்க்கட்டும், தேடிக்கொள்ளட்டும் என் கண்ணில் என்ன இருக்கிறது என்று. முதலில் தெளிந்தவர் டாக்டர்தான், "சார்!" என்று கத்துகிறார், காது கேட்காதவனிடம் பேசுகிற மாதிரி, "சார்! தண்ணி வேணுமா! தண்ணி!" வெளியே வரும்போது என் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்குகிறார், "படி! சார்! படி இருக்கு!" இந்தப் படியைக் கட்டும்போது எவ்வளவு உயரம் வேண்டுமென்று மேஸ்திரிக்குச் சொன்னவனே நான்தான். கையை உதறுகிறேன், மறுபடி பிடிக்கிறார், உதறுகிறேன், பிடிக்கிறார், பரிதாபம் என்பது அட்டைப்பூச்சி மாதிரி, உப்பு போட்டால்தான் விடும். "டாக்டர், என் பல்லு எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கையை எடுங்க," என்கிறேன், கூட்டாளிகளில் ஒருத்தர் தவறிப்போய்ச் சிரித்துவிடுகிறார், கை போய்விடுகிறது. ஜீப் வருகிறது, சென்னியப்பனின் குரல், கால்நடை டாக்டர் ஒருத்தர், சின்ன வயசுக் குரல், தூக்கக் கலக்கமாக இருக்கிறார். அவள் சொன்ன புதருக்குள்தான் இருந்தது. மயக்க ஊசி புஸ் என்று போகிற சத்தம், பிறகு காத்திருப்பு, எல்லோரும் தள்ளி நின்று காத்திருக்கிறோம், ஆம்பூர்க்காரி என் பக்கத்தில் நிற்கிறாள், கையைப் பிடிக்கவில்லை, ஐயோ பாவம் சொல்லவில்லை, "இன்னும் நிக்குது சார்," என்கிறாள், கொஞ்சம் கழித்து, "முட்டி மடிக்குது," பிறகு, "படுத்துருச்சு." கேட்காமலே சொல்கிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

"தலையை யாராவது ஒருத்தர் பிடிக்கணும், தொங்கவிட்டா மூச்சு அடைக்கும்," என்கிறார் கால்நடை டாக்டர். சென்னியப்பன் கம்பியை வெட்டுகிற கத்திரியோடு நிற்கிறான், ஃபர்ஹானா மருந்துப் பெட்டியைத் திறந்து பிடித்திருக்கிறாள், சேலத்துக்காரர்கள் மூன்று பேரும் கேமராவைத் தூக்கியிருக்கிறார்கள், சத்தம் கேட்கிறது, விதியை மறக்கவில்லை. நான் போய் முட்டி போட்டு உட்கார்ந்து கையை நீட்டுகிறேன், மடியில் பாரமாக ஒரு தலை வந்து விழுகிறது. நாற்பது வருஷத்தில் நான் ஒரு மானைத் தொட்டதில்லை. இவ்வளவு நாற்றமாக இருக்கும் என்று நினைக்கவில்லை, சீழ், சேறு, மூத்திரம், அதற்கு அடியில் கசக்கிய புல்லின் வாசனை, காதுமடலில் உண்ணி உண்ணியாகத் தட்டுப்படுகிறது, கொம்பு கல் மாதிரி குளிர்ச்சியாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன், வெதுவெதுப்பாக இருக்கிறது. "கண்ணை மூடிக் கட்டிடுங்க ஐயா, பயப்படாம இருக்கும்," என்று ஒரு துணியைக் கொடுக்கிறார்கள், கட்டுகிறேன், மூக்கிலிருந்து வரும் மூச்சு என் மணிக்கட்டில் ஈரமாகப் படுகிறது, வருகிறது, நிற்கிறது, அவ்வளவுதானா என்று நினைக்கிறபோது மறுபடி வருகிறது, தாடைக்குக் கீழே விரலை வைத்தால் உள்ளே ஏதோ தறிகெட்டு ஓடுகிறது, தாலுகா ஆபீஸ் முகம் என்று சொன்னேன், இந்த நாடியை நான் எந்தப் படத்திலும் எடுத்ததில்லை, எடுக்கவும் முடியாது. கத்திரி நறுக்கென்று கடிக்கிறது. தலை என் மடியில் துள்ளுகிறது, "பிடிங்க பிடிங்க," அமுக்கிக்கொள்கிறேன், என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது என்று தெரியாமல் "ஆச்சுடா, ஆச்சு, ஆச்சு" என்று உளறுகிறேன், எல்லோர் முன்னாலும். "இன்னும் ஒரு நாள் போயிருந்தா மூச்சுக்குழாய் போயிருக்கும்," என்கிறார் டாக்டர், சின்ன டாக்டர், நிஜ டாக்டர். கழுவுகிறார்கள், மருந்து போடுகிறார்கள், மயக்கம் தெளிய ஒரு ஊசி. "கேமராவெல்லாம் பின்னாடி போங்க! ஐயா, கண்கட்டை எடுத்துட்டு நீங்களும் உடனே நகர்ந்திடுங்க."

துணியை உருவுகிறேன். உடனே நகரவில்லை. இவ்வளவு பக்கத்தில் இருக்கிறபோது ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஆசை, நேராகப் பார்த்தால் சாம்பல், முகத்தைத் திருப்பி மூங்கிலைப் பார்க்கிறேன், ஓரத்தில் ஈரமாக, கறுப்பாக ஏதோ ஒன்று திறக்கிறது. அது என்னைப் பார்த்ததா, மரத்தைப் பார்த்ததா, ஒன்றையும் பார்க்கவில்லையா, சொல்ல முடியாது, அடுத்த நொடி மடியில் இருந்த பாரம் முழுக்க எகிறிக் குதித்துவிட்டது, முழங்காலுக்குக் கீழே கோடாலி விழுந்த மாதிரி ஒரு அடி, நான் மல்லாந்து கிடக்கிறேன், புதர் கிழிபடுகிற சத்தம் தூரத்தில் போய்க்கொண்டே இருக்கிறது, நிற்காமல், தடுமாறாமல். யாரும் எடுத்த மாதிரித் தெரியவில்லை, ஒரு ஷட்டர்கூட அடிக்கவில்லை. "போயிட்டான் சார்," என்று ஃபர்ஹானா ஓடி வருகிறாள், "திரும்பியே பாக்கல." எதற்குப் பார்க்க வேண்டும்? என்ன இருக்கிறது இங்கே திரும்பிப் பார்க்க? இத்தனை வருஷமாக அந்த ஜாதி எனக்காக வந்து நிற்கிறது என்று மேடை மேடையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், அதற்கு நான் ஒரு பொருட்டே இல்லை, குளக்கரையில் கிடக்கிற ஒரு கல், உதைத்து எழுந்து போக ஒரு கல், நல்லவேளை. "சார், ரத்தம் வருது, எலும்பு தெரியுது," என்கிறாள், பெட்டியிலிருந்து பஞ்சை எடுக்கும் சத்தம். இப்போதுதான் வலி ஏறுகிறது, இடுப்பு வரைக்கும் விண் விண்ணென்று, பல்லைக் கடித்துக்கொள்கிறேன். "கால் ரெண்டும் ஊனித்தானே போனான்?" என்று கேட்கிறேன். "நல்லா ஊனித்தான் போனான் சார்." "உதையிலயே தெரிஞ்சுது," என்கிறேன், "கட்டும்மா, இறுக்கிக் கட்டு."